வாதாடும் உரிமை: புதுவையில் அன்றும் இன்றும்

1873-ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஒரு வக்கீல் காலுறையும் சப்பாத்தும் அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். அவர் பெயர் பொன்னுத்தம்பி பிள்ளை. சட்டம் படித்தவர், வாதாட அங்கீகாரம் பெற்றவர். ஆனாலும் அன்று இருக்கையில் இருந்த சமாதான நீதிபதி அவரைப் பேச விடவில்லை. இந்தியர்கள் காலணியை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அந்த மன்றத்தின் வழக்கம். ஐரோப்பியர்களுக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. பொன்னுத்தம்பி கழற்ற மறுத்தார். நீதிபதி அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு அவரை வெளியேற்றினார்.

புதுவையின் நீதிமன்ற வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். ஒருவர் வக்கீலாவதற்கு என்ன படிக்க வேண்டும், யாரிடம் மனுப் போட வேண்டும் என்பதையெல்லாம் விதிகளில் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப் பெற்ற உரிமையை யார் பறிக்க முடியும் என்ற கேள்விக்கு விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. இந்த ஊரில் அந்த அதிகாரம் பல கைகள் மாறியிருக்கிறது. ஆளுநரும் நீதிபதியும் வைத்திருந்த அதிகாரம், இன்று வக்கீல்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பார் கவுன்சில் என்ற மன்றத்திடம் இருக்கிறது. அந்தப் பயணத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுவையில் உள்ளூர் மக்களின் வழக்குகள் சாவடி நீதிமன்றத்துக்கு வந்தன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குச் சாவடி விவகாரங்கள் பழக்கமானவை. அங்கே வேண்டியிருந்தது சட்டப் புத்தக அறிவு அல்ல. இன்ன ஜாதியில் சொத்து எப்படிப் பிரியும், இன்ன ஊரில் கொடுக்கல் வாங்கலுக்கு எது சாட்சி என்ற வழக்கங்களின் அறிவு. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் வந்து இறங்கியதும் நிலைமை மாறியது. 1819 ஜனவரி 6 அன்று வெளியான ஆணை அந்தத் தொகுப்புகளைப் புதுவையில் நடைமுறைப்படுத்தியது. கூடவே ஒரு வாக்குறுதியும் தந்தது: இந்துவோ, முஸ்லிமோ, கிறிஸ்தவரோ, இந்தியர்கள் அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்ப்புப் பெறுவார்கள். 1827-இல் இந்து சட்டம், வழக்கம் பற்றி நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்ட ஒரு குழுவும் அமைந்தது.

இந்த இரட்டை ஏற்பாடுதான் புதுவையில் வக்கீல் தொழிலுக்கு வேர். நடைமுறையும் மொழியும் பிரெஞ்சு, கட்சிக்காரர் பேசுவது தமிழ், அவர் சொத்துக்குப் பொருந்துவது ஜாதி வழக்கம். இந்த மூன்றையும் அறிந்த ஒருவர் இல்லாமல் ஒரு சாதாரண பாகப்பிரிவினை வழக்குகூட நகராது. 1838-இல் புதுவையில் சட்டப் பள்ளி தொடங்கப்பட்டது இந்தத் தேவையால்தான் என்று நினைக்கிறேன். 1842 பிப்ரவரி 7-ஆம் தேதியிட்ட அரச ஆணை நீதிமன்றங்களை அடுக்கடுக்காக ஒழுங்குபடுத்தியது. சமாதான நீதிமன்றம், முதல்நிலை நீதிமன்றம், அவற்றுக்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ற மூன்று படிகளும் புதுவை ஊருக்குள்ளேயே இருந்தன. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் பாரீசில் இருந்த கசாசியோன் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்த மன்றங்களில் கட்சிக்காரருக்காகப் பேசியவர்களை கொன்செய் அக்ரெயே என்றார்கள். அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் என்று வைத்துக்கொள்ளலாம். பிரான்சில் வக்கீல்களுக்கு அவர்களுடைய சொந்த அமைப்பு உண்டு. 1810-இல் நெப்போலியன் அதை மீண்டும் உயிர்ப்பித்தபோது மூன்று ஆண்டு பயிற்சிக் காலத்தையும் சத்தியப் பிரமாணத்தையும் கட்டாயமாக்கினார். அந்த அமைப்பில் ஒருவரைச் சேர்ப்பதிலும் கண்டிப்பதிலும் சக வக்கீல்களுக்குப் பங்கு இருந்தது. கடல் கடந்த குடியேற்றத்தில் கொன்செய் அக்ரெயே பெற்றது அந்தத் தற்சார்பை அல்ல, அனுமதியை. பள்ளியில் படித்துத் தேறியிருக்கலாம்; பிரெஞ்சில் மன்றமே வியக்கும்படி வாதாடலாம்; ஆனாலும் மேலே அமர்ந்திருப்பவரின் மனம் கோணினால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

பொன்னுத்தம்பிக்கு நடந்தது அதுதான். அந்தக் காலத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர் செயலின் கனம் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1871-இல், பிரெஞ்சு இந்தியாவின் ஆண்கள் பாரீஸ் நாடாளுமன்றத்துக்குத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வாக்களித்திருந்தார்கள். பாரீசில் உட்கார்ந்து சட்டம் இயற்றுகிறவரைத் தேர்ந்தெடுக்கலாம். புதுவையில் அந்தச் சட்டத்தைப் பற்றி வாதாடும்போது சப்பாத்து அணியக் கூடாது. இந்த முரண்பாட்டை வெறும் மனக்குறையாக வைத்துக்கொள்ளாமல் வழக்காக்கினார் பொன்னுத்தம்பி. அதுதான் அவருடைய பெரிய செயல். மேல்முறையீடு கடல் கடந்து பாரீசுக்குப் போனது.

இங்கே இன்னொரு வாசல் குறுக்கிட்டது. கசாசியோன் நீதிமன்றத்தில் புதுவை வக்கீல் தாமே எழுந்து நின்று பேசிவிட முடியாது. பாரீஸ் வக்கீல்கள் எல்லோராலும்கூட முடியாது. அந்த மன்றத்தில் வாதாடும் உரிமை பெற்றவர்களின் எண்ணிக்கையை 1817-ஆம் ஆண்டின் அரச ஆணை அறுபது என்று வரையறுத்து வைத்திருந்தது. அந்தச் சிறிய வட்டத்தைச் சேர்ந்த ழூல் கோதேன் என்பவர் பொன்னுத்தம்பிக்காக வாதாடினார். தீர்ப்பு பொன்னுத்தம்பிக்குச் சாதகமாக வந்தது. ஐரோப்பிய உடையில் காலணியோடு வருவது நீதிமன்றத்தை அவமதிப்பது ஆகாது என்பது நிலைநாட்டப்பட்டது. புதுவை மக்கள் கோதேனை மறக்கவில்லை. 1876-இல் பிரெஞ்சு இந்தியாவின் பிரதிநிதியாக அவரையே பாரீஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

சப்பாத்து வழக்கு முடிந்தாலும் அது எழுப்பிய கேள்வி ஓயவில்லை. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதியிட்ட ஆணை, விரும்பும் இந்தியர் தம் ஜாதி, சமயம் சார்ந்த சட்டத்தை விட்டு முழுமையாகப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வர வழி செய்தது. அப்படி வருகிறவர் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி முன்னோடியாக அந்த வழியில் போய் லா போர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். இப்படி மாறியவர்கள் ரெனொன்சான் எனப்பட்டார்கள். ஜாதிக் கொடுமையால் நொந்திருந்த பலருக்கும், கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது ஒரு விடுதலைப் பத்திரமாகத் தெரிந்தது. எதிர்ப்பும் பலமாக இருந்தது. மரபைக் காப்பதாகச் சொன்ன தரப்பும் ரெனொன்சான் தரப்பும் பல ஆண்டுகள் தேர்தல் களத்தில் மோதின. ஒரு வக்கீலின் கால்சப்பாத்தில் தொடங்கிய விவகாரம் ஊரின் அரசியலையே இரண்டாகப் பிரித்துவிட்டது.

எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த தமிழ்நாட்டில், வக்கீலாக நுழையும் வழி வேறு மாதிரி அடுக்கப்பட்டிருந்தது. பாரிஸ்டர், அட்டர்னி, வக்கீல், பிளீடர் என்று தரவாரியாகப் பிரித்து, எவர் எந்த மன்றத்தில் பேசலாம் என்று வரையறுத்திருந்தார்கள். உச்சியில் இருந்த பாரிஸ்டர் பட்டத்துக்கு லண்டன் போக வேண்டும். திருச்சி வரகனேரியில் பிறந்து, பிளீடராகத் தொழில் செய்த வ.வே.சு. ஐயர் அப்படித்தான் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். படிப்பு முடியும் கட்டத்தில், அரசனுக்கு விசுவாசம் கூறிப் பாரிஸ்டர் பட்டம் வாங்க அவர் ஒப்பவில்லை. பிடியாணையிலிருந்து தப்பி, வேடம் மாறி, 1910-இல் அவர் வந்து சேர்ந்த ஊர் புதுச்சேரி. பாரதியார் 1908-இலேயே இங்கு வந்துவிட்டார். பாரிஸ்டராகியிருந்தால் சென்னையில் பெரும் பொருள் ஈட்டியிருக்கக்கூடிய ஒருவர் ஒரு சத்தியப் பிரமாண வாசகத்துக்காக அத்தனையையும் உதறினார். தொழிலுக்குள் நுழையும்போது சொல்லும் சில வாக்கியங்களை வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்கள் ஐயரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வ.உ.சி.யின் கதையும் இதோடு சேர்ந்ததே. 1908-இல் தண்டனை பெற்றதோடு அவருடைய வக்கீல் சன்னதும் போனது. சிறையிலிருந்து வந்து வறுமையில் உழன்ற பின்னர், வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவருடைய சோறு நீதிபதி ஒருவரின் நல்ல மனத்தை நம்பி இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பெண்களுக்கு எந்தப் பக்கத்திலும் வழி நெடுங்காலம் அடைந்தே கிடந்தது. பிரான்ஸ் 1900 டிசம்பரில் சட்டம் இயற்றிப் பெண்கள் வக்கீலாக அனுமதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் அதற்கு 1923-ஆம் ஆண்டின் பெண் வழக்கறிஞர் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆனந்தபாய் அட்வகேட்டாகப் பதிவானது 1929-இல். இன்று புதுவைச் சட்டக் கல்லூரி மாணவிகளிடம் இந்த ஆண்டுக் கணக்கைச் சொன்னால் அவர்களுக்கு அது புராணக் கதை போல இருக்கும்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. தெருவில் கொடி மாறிய அதே நாளில் நீதிமன்றத்துக்குள் எல்லாம் மாறிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிரான்சோடு 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது. அந்த ஒப்பந்தத்துக்குப் பிரான்சின் ஒப்புதல் கிடைத்து, சட்டப்படியான இணைப்பு முழுமையானது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அந்த ஆண்டின் புதுச்சேரி நிர்வாகச் சட்டம் பாரீசோடு இருந்த நீதித்துறைத் தொடர்பை வெட்டி, சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் புதுவைக்கு நீட்டியது.

அதற்குப் பிறகு வந்த ஆறு ஆண்டுகள் புதுவை வக்கீல்களுக்கு மிகக் கடினமான காலமாக இருந்திருக்க வேண்டும். 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே அமலுக்கு வந்தது. ஆனால் சிவில் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் வரவில்லை. எனவே குற்ற வழக்கில் மெக்காலே வகுத்த சட்டத்தை வைத்துப் பேசிய அதே வக்கீல், அடுத்த அறையில் சிவில் வழக்குக்குப் பிரெஞ்சு நடைமுறையில் மனு எழுத வேண்டும். ஐம்பது வயதில் ஒருவர் தம் தொழிலைத் திரும்ப அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரெஞ்சு மரபில் வழக்கின் விவரங்கள் பெரும்பாலும் எழுத்திலேயே நகரும். குற்ற விசாரணையை நடத்திச் செல்லும் பொறுப்பு நீதிபதியுடையது. இந்திய மரபிலோ சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்தான் வக்கீலின் பேர் நிற்கிறது. இது சட்டப் பிரிவு எண்களை மாற்றி மனப்பாடம் செய்யும் வேலை இல்லை, தொழிலின் சுபாவத்தையே மாற்றிக்கொள்ளும் வேலை.

1968 செப்டம்பரில் அமலுக்கு வந்த புதுச்சேரி சட்ட விரிவாக்கச் சட்டம்தான் கடைசிக் கதவையும் மாற்றியது. சிவில் நடைமுறைச் சட்டத்தோடு 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டமும் புதுவைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் புதுவைக்கென்றே 58-ஏஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டப் புத்தகத்தில் பலர் கண்ணில் படாமல் கிடக்கும் அந்தப் பிரிவு, என் பார்வையில், ஆட்சி மாற்றக் காலத்தில் இயற்றப்பட்ட மிக நாகரிகமான விதிகளில் ஒன்று.

அது சொன்னது இதுதான். அந்த நாள் வரை புதுவையில் ஏதேனும் ஒரு சட்டத்தின்படி வாதாட உரிமை பெற்றிருந்தவர்கள், உயர் நீதிமன்றப் பட்டியலில் ஏற்கெனவே அட்வகேட்டாகப் பதிவானவர்களைப் போலவே கருதப்படுவார்கள். அரசுப் பணியில் இருந்ததால் மட்டும் வாதாட முடியாமல் போனவர்களுக்கும் இதே சலுகை உண்டு. சென்னை பார் கவுன்சில் குறிக்கும் காலத்துக்குள் விண்ணப்பித்தால் போதும். பட்டியலில் இடம் கிடைக்கும். பிரெஞ்சுப் படிப்புக்கு இந்தியப் பட்டம் ஈடாகுமா என்று அவர்களை மறுபடி தேர்வு எழுதச் சொல்லவில்லை. அடுத்த உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. விண்ணப்பிக்க விரும்பாதவர்களும் அந்தத் தகுதி இல்லாதவர்களும்கூட, அதுவரை எந்த மன்றத்தில் எந்த அளவுக்குத் தொழில் செய்தார்களோ, அதே அளவுக்குத் தொடரலாம். ஆட்சி மாறும்போது பழைய ஆட்சியில் படித்தவர்களை ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்புவது உலகில் அடிக்கடி நடந்திருக்கிறது. புதுவையில் அது நடக்கவில்லை. பிரெஞ்சு மரபில் வளர்ந்த டேவிட் அன்னுசாமி பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகவே அமர்ந்தார்.

பழைய சட்டப் பள்ளியின் வழியில் 1972-இல் சட்டக் கல்லூரி உருவானது. இப்போது அது டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி என்ற பெயரில் காலாப்பட்டில் இயங்குகிறது. பிளஸ் டூ முடித்து ஐந்து ஆண்டுகள், அல்லது பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுகள் படிக்கலாம். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் இன்றைய புதுவை இளைஞர் போகும் இடம் சென்னை. தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் வேண்டும். என்ரோல்மென்ட் நாளில் கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையும் கவுனும் அணிந்து உறுதிமொழி எடுப்பார்கள். அப்பா, அம்மா, தாத்தா, அத்தை என்று வீடே புறப்பட்டு வந்திருக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி ஒருவர் அந்த உடையில் வெளியே வரும்போது பெற்றோர் முகத்தைப் பார்க்க வேண்டும். பொன்னுத்தம்பி பாரீஸ் வரை போய் வாங்கிய கௌரவம், இன்று ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்குப் பிறப்பைப் பற்றிய கேள்வி எதுவும் இல்லாமல் கிடைக்கிறது.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய பார் கவுன்சில் விதிகள் ஆண் வக்கீல்களுக்கு நீள்காற்சட்டையை மட்டுமன்றி வேட்டியையும் அனுமதிக்கின்றன. ஐரோப்பிய உடையில் வந்ததற்காக ஒருவரை வெளியே அனுப்பிய ஊரில், இரண்டில் எதை உடுத்துவது என்பதை வக்கீலே முடிவு செய்துகொள்ளலாம்.

கட்டணம் நெடுங்காலம் ஒரு மறைமுகத் தடையாகவே இருந்தது. வழக்கறிஞர் சட்டம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்றுதான் சொல்கிறது. ஆனால் நாடெங்கும் மாநில பார் கவுன்சில்கள் நூலகம், நலநிதி, நிர்வாகம் என்று பல தலைப்புகளில் ஆயிரக்கணக்கில் வாங்கி வந்தன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது. சட்டத்தில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பதிவுக் கட்டணமாக வாங்கக் கூடாது. விளிம்பில் நிற்பவர்களைத் தொழிலுக்குள் வரவிடாமல் செய்யும் கட்டணம் சமத்துவ உரிமைக்கு எதிரானது என்றது. என்னைக் கேட்டால் இந்தத் தீர்ப்பும் சப்பாத்துத் தீர்ப்பும் ஒரே வரிசையில் வைக்க வேண்டியவை.

பதிவானவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அகில இந்திய பார் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. 2011-இல் முதன்முதலாக நடந்தது. நூறு கேள்விகள், கொடுத்துள்ள விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தமிழிலும் எழுதலாம். குறிப்பு எழுதாத சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு. பொதுப் பிரிவினர் 45 சதவீதமும் பட்டியல் பிரிவினர் 40 சதவீதமும் எடுத்தால் தேர்ச்சி. இப்படி ஒரு தேர்வு வைக்க பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டா என்ற சர்ச்சைக்கு 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உண்டு என்று பதில் சொன்னது. சட்டத்தைப் புரட்டிப் பார்க்கத் தெரிகிறதா என்று இந்தத் தேர்வு சோதிக்கலாம். ஒரு மனுவைப் பிழையில்லாமல் எழுதத் தெரிகிறதா, அழுதுகொண்டு வரும் கட்சிக்காரரிடம் உண்மை நிலையைச் சொல்லும் துணிவு இருக்கிறதா என்று அது சோதிப்பதில்லை. அவற்றைச் சீனியரின் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

மாநிலப் பட்டியலில் பதிவாகும் இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்காமல் போகும் பெரிய நன்மை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் வக்கீலாகப் பதிவானவர், அங்குள்ள மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றத்தில் பேச வேண்டுமென்றால் அந்தந்த நீதிமன்றத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவரின் பரிந்துரையைக் கேட்கும் மன்றங்களும் உண்டு. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் சேர மூன்று ஆண்டு அனுபவமும் இரண்டு உறுப்பினர்களின் பரிந்துரையும் வேண்டும். இந்தியாவில் ஒரு மாநிலப் பட்டியலில் பெயர் ஏறினால் நாடு முழுவதும் எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் வாதாடலாம் என்கிறது வழக்கறிஞர் சட்டத்தின் 30-ஆவது பிரிவு. ஒன்றைச் சொல்ல வேண்டும்: 1961-இல் எழுதப்பட்ட அந்தப் பிரிவை மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவந்தது 2011 ஜூன் 15 அன்றுதான். ஐம்பது ஆண்டுகள் அது புத்தகத்திலேயே தூங்கியது.

ஆனாலும் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தனிப் படி மிஞ்சியிருக்கிறது. எந்த வக்கீலும் வாதாடலாம், ஆனால் மனுத் தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெக்கார்டு ஒருவரால்தான் முடியும். அந்தத் தகுதிக்கு நான்கு ஆண்டு தொழில் அனுபவம், பிறகு ஓர் ஆண்டு பயிற்சி, பிறகு நான்கு தாள்கள் கொண்ட தேர்வு. எல்லாவற்றுக்கும் மேலாக, உச்ச நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகம் இருக்க வேண்டும். ஆகவே புதுவைக் கட்சிக்காரரின் வழக்கு கடைசிப் படிக்குப் போகும்போது டெல்லியில் உள்ள ஒருவரின் கையெழுத்து வேண்டும், 1873-இல் பாரீசில் கோதேன் தேவைப்பட்டதைப் போலவே. மனுவைத் தாக்கல் செய்த பிறகாவது நம்மவர் எழுந்து நின்று பேசலாம் என்பது இன்றைய வேறுபாடு. இன்னொரு பக்கத்தில் புதுவை எதையோ இழந்தும் இருக்கிறது. 1842 முதல் ஊருக்குள்ளேயே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்போது இல்லை. கடலூர் சாலையில் உள்ள நீதிமன்ற வளாகத்தில் தோற்றவர் உயர் நீதிமன்றம் போக வேண்டுமென்றால் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குப் பயணம்.

வக்கீலின் உரிமையை யார் பறிக்கலாம் என்ற பழைய கேள்வியும் உயிரோடுதான் இருக்கிறது. 1998-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு தெளிவான கோடு போட்டது. நீதிமன்ற அவமதிப்புக்காக வக்கீலைத் தண்டிக்கலாம். ஆனால் அவருடைய தொழில் உரிமத்தை நிறுத்தி வைப்பதும் பறிப்பதும் பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்துச் செய்ய வேண்டிய வேலை என்றது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தன் விதிகளைத் திருத்தி, தவறாக நடக்கும் வக்கீல்களைத் தானே தடை செய்யும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டபோது தமிழ்நாட்டிலும் புதுவையிலும் வக்கீல்கள் பணியைப் புறக்கணித்தார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றத்தை முற்றுகையிட்டார்கள். அந்தப் போராட்டத்தின் வடிவம் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. வாரக்கணக்கில் மன்றம் நடக்காமல் தவித்தது ஏழைக் கட்சிக்காரர்தான். ஆனால் எதிரில் நின்று வாதாட வேண்டியவரின் சோற்றில் கைவைக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இருந்தால், வாதத்தில் துணிவு இருக்காது. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. புதிய விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன.

பிரெஞ்சுச் சட்டம் ஊரைவிட்டு முழுவதும் போய்விட்டதா? போகவில்லை. 1963-இல் இந்து திருமணச் சட்டம் புதுவைக்கு நீட்டப்பட்டபோதே, அது ரெனொன்சான்களுக்குப் பொருந்தாது என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். பொன்னுத்தம்பியைப் பின்பற்றி அன்று கையெழுத்திட்டவர்களின் பேரன், கொள்ளுப்பேத்திகளுக்குத் திருமணம், வாரிசுரிமை விவகாரங்களில் இன்றும் பிரெஞ்சு சிவில் சட்டம் பேசுகிறது. நொத்தேர் எனப்பட்ட பழைய பத்திர அதிகாரிகள் எழுதிய பிரெஞ்சுப் பத்திரங்களும் பாகப்பிரிவினை வழக்குகளில் வந்து விழுகின்றன. அகில இந்திய பார் தேர்வின் பாடத்திட்டத்தில் இதற்குத் தனி இடம் கிடையாது. புதுவையில் தொழில் தொடங்கும் இளம் வக்கீல் ஒருவர் கொஞ்சம் பிரெஞ்சு கற்றுக்கொண்டால், தம் ஊர் மக்களுக்கு வேறு எவராலும் செய்ய முடியாத உதவியைச் செய்யலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு முன்னால் அவர் தொழிலில் நிலைக்க வேண்டும். பட்டியலில் பெயர் ஏறுவது முன்னைவிட எவ்வளவோ எளிதாகிவிட்டது; முதல் ஐந்து ஆண்டுகளைப் பட்டினி இல்லாமல் கடப்பதுதான் இப்போது கடினம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சீனியரிடம் சம்பளம் இல்லாமலும் காத்திருக்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது முடியாது. ஒன்றிரண்டு ஆண்டில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கையில் எடுத்தது புதுவையிலிருந்து வந்த ஒரு வழக்கில்தான். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகச் சீனியர்கள் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆண், பெண் வேறுபாடு காட்டக் கூடாது என்றும் சொன்னது. எல்லாச் சீனியர்களும் லட்சக்கணக்கில் சம்பாதிப்பவர்கள் அல்ல என்ற பதில் வரும். அதுவும் உண்மைதான். முடியாத சீனியருக்கு உதவ வழக்கறிஞர் நலநிதியும் அரசின் பங்களிப்பும் கைகொடுக்கட்டும். புதுவை வக்கீல்கள் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையாவது, எந்த அலுவலகத்தில் எந்த ஜூனியருக்கு மாதம் எவ்வளவு கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும்.